கோவிட் வார்டில் தெளிவு தப்பியவர்கள்

கோவிட் ஐசியுவில் நாங்கள் மணிக்கு மணி நிரப்பிய தாளில் ஆக்சிஜன் அளவு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல், சர்க்கரை, வெளியேறிய சிறுநீர் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஆள் தெளிவாக இருக்கிறாரா என்பதற்குக் கட்டம் இல்லை. 'இர்ரெலவன்ட் டாக்' என்று ஓரத்தில் எழுதி வைப்போம். காலை ரவுண்ட்ஸில் ஆக்சிஜன் எவ்வளவு, எத்தனை லிட்டர் போகிறது என்பதோடு பேச்சு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். அன்றைய நெருக்கடியில் அது இயல்புதான். மூச்சு நின்றால் ஆள் போய்விடுவார், உளறினால் போய்விட மாட்டார் என்று நினைத்தோம்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். 2020, 2021 இரண்டு அலையிலும் கோவிட் டியூட்டி பார்த்தேன். அந்த ஓரத்து வரியைப் பற்றி இன்னும் யாராவது பேசவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நோய் ஓய்ந்ததும் எல்லோரும் நுரையீரலைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தவர்களின் மூளைக்கு என்ன ஆனது என்பது ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பிய அப்பா ஏன் பழைய அப்பாவாக இல்லை என்று தவிக்கும் குடும்பங்களிடம் அது வந்து சேரவில்லை.

முதலில் வூஹானிலிருந்து செய்தி வந்தது. 2020 ஏப்ரலில் வெளியான அறிக்கையில், அங்கே அட்மிட் ஆன 214 பேரில் 36 சதவீதம் பேருக்கு நரம்பு மண்டலம் சார்ந்த ஏதோ ஒரு பாதிப்பு. நோய் முற்றியவர்களை மட்டும் பார்த்தால் 45 சதவீதத்துக்கும் மேல். அப்புறம் சிகாகோவில் 509 உள்நோயாளிகளைப் பார்த்தவர்கள் 82 சதவீதம் என்றார்கள். நியூயார்க்கில் 4,491 பேரைக் கவனித்தவர்கள் 13.5 சதவீதம் என்றார்கள். எதை நம்புவது என்று குழம்ப வேண்டாம். சிகாகோக்காரர்கள் உடம்பு வலி, தலைவலி, தலைசுற்றல், வாசனை ருசி போவது எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணினார்கள். நியூயார்க்கில் புதிதாக வந்தது என்று நரம்பியல் மருத்துவர்கள் உறுதி செய்த நோய்களை மட்டும் எண்ணினார்கள். எப்படி எண்ணினாலும், கடுமையான பாதிப்புகளில் முதலில் நிற்பது ஒன்றுதான்: தெளிவு தப்புவது. சிகாகோவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. அப்படித் தெளிவு தப்பியவர்களில் 21.7 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். தப்பாதவர்களில் 3.2 சதவீதம். நுரையீரல் எவ்வளவு கெட்டிருந்தது என்பதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தாலும், தெளிவு தப்பியவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது.

உளறினால் ஆள் போய்விட மாட்டார் என்ற எங்கள் நினைப்புக்கு இதுதான் பதில்.

இரண்டாவது அலையில் தாமிரபரணிப் பாசனத்துக்காரர் ஒருவர் வந்தார். வாழை விவசாயி, எழுபதை நெருங்கிய வயது. மாஸ்க் வழியாக அழுத்தத்தில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. பகலில் நன்றாகத்தான் பேசினார், மகன் பேர், ஊர், எத்தனை ஏக்கர் எல்லாம் சொன்னார். இரவு பத்து மணிக்கு மேல் மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். "மடை தொறந்து கெடக்கு தாயி. வாழ பூரா அழுவிரும். என்ன விடு." மாஸ்க் போனதும் ஆக்சிஜன் எழுபதுகளுக்கு இறங்கும். இறங்க இறங்கக் குழப்பம் கூடும். குழப்பம் கூடினால் மறுபடி மாஸ்க்கைப் பிடுங்குவார். கையைக் கட்டுவதா, ஊசி போட்டுத் தூங்க வைப்பதா என்று பேசிக்கொண்டிருந்தோம். கூட டியூட்டியில் இருந்த சிஸ்டர் அவருடைய மகனுக்கு போன் போட்டு, பாலிதீன் உறையில் சுற்றிய செல்போனை அவர் காதில் வைத்தார். மகன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எப்பா, மடைய நான் அடச்சிட்டேன். தண்ணி நின்னுட்டு. நீங்க படுங்க." பெரியவர், "அடச்சிட்டியா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். மாஸ்க்கை நாங்கள் மாட்டும்போது தடுக்கவில்லை.

நோயாளியின் பிரமைக்குள் நாமும் நுழையக்கூடாது, இருக்கும் இடத்தையும் நேரத்தையும் மெதுவாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது சரியான பாடம். ஆனால் அன்று வேலை செய்தது வார்த்தையைவிடக் குரல்தான் என்று நான் நம்புகிறேன். அந்த அறையில் அவருக்குத் தெரிந்த ஒரே பொருள் அந்தக் குரல். அவர் கண்ணாடி, பல்செட் எல்லாம் ஒரு பையில் கட்டி அட்மிஷனிலேயே வீட்டாரிடம் கொடுத்தாகிவிட்டது. சுற்றி இருந்தவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடை போர்த்தியவர்கள், கண் மட்டும் தெரியும், அதுவும் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால். இரவும் பகலும் ஒரே விளக்கு, ஒரே அலாரம். ஜன்னல் இல்லை. நல்ல திடகாத்திரமான ஆளைக் காய்ச்சலோடு அங்கே ஒரு வாரம் படுக்கவைத்தாலும் இன்று என்ன கிழமை என்று தடுமாறுவார்.

இப்படிக் கத்துபவர்கள், இறங்கி ஓடப் பார்ப்பவர்கள் எப்படியும் கண்ணில் பட்டுவிடுவார்கள். அமைதியாகத் தெளிவு தப்புபவர்கள்தான் எனக்குக் கவலை. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், பார்ப்பார், மூடிக்கொள்வார். சாப்பாடு கொடுத்தால் வாயில் வைத்துக்கொண்டே இருப்பார், விழுங்கமாட்டார். தொந்தரவே தராத நோயாளி. வார்டில் "நல்லா தூங்குறார்" என்பார்கள். டெலிரியம் என்று மருத்துவம் சொல்லும் இந்த நிலையில் அமைதியான வகை எங்கள் கண்ணுக்குத் தப்பிப்போவதுதான் அதிகம். அமைதியாக இருப்பவரை ஒருவர் கேள்வி கேட்டுச் சோதித்தால் ஒழியத் தெரியாது.

கேள்வியும் பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ் எலி என்ற மருத்துவரின் குழு 2001-இல் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு சோதனையை வகுத்தது. வாய் பேச முடியாதவரும் தலையசைத்து, கையை அழுத்திப் பதில் சொல்லலாம். கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்கிறதா? சுத்தியலால் ஆணி அடிக்கலாமா? இன்னொரு பகுதியில் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், 'ஏ' வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டிகளுக்கு அது ஒத்துவராது. அதனால் 'அ' சொல்லும்போது மட்டும் என் கையை அழுத்துங்கள் என்று மாற்றிக்கொண்டோம். இரண்டு மூன்று நிமிட வேலை. ஷிஃப்டுக்கு ஒரு தடவை செய்தால் காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் நழுவுவது பிடிபட்டுவிடும்.

தெளிவில் வரும் அந்த மாற்றத்தைக் கவனிப்பது முக்கியம். வயதானவர்களுக்குக் கோவிட் சில நேரம் குழப்பமாகவேதான் ஆரம்பித்தது. அமெரிக்காவில் ஏழு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 817 கோவிட் நோயாளிகளில் 28 சதவீதம் பேர் வரும்போதே டெலிரியத்தோடு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் 37 சதவீதம் பேருக்குக் காய்ச்சல், மூச்சிரைப்பு போன்ற வழக்கமான அறிகுறிகள் இல்லவே இல்லை. நம் ஊரில் இது வேறு பெயரில் நடந்தது. "அம்மா ரெண்டு நாளா ஒரு மாதிரி பேசுது", "வயசாயிட்டுல்ல, அதான்" என்று வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஐசியுவில் நடந்ததைப் பற்றி இதுவரை வந்ததில் என்னை அதிகம் பாதித்தது 2021 ஜனவரியில் வெளியான ஒரு ஆய்வு. 14 நாடுகள், 69 ஐசியுக்கள், 2,088 நோயாளிகள். பாதிக்கு மேல், 54.9 சதவீதம் பேருக்கு டெலிரியம். எது அதைக் கூட்டியது என்று பார்த்தார்கள். மிடாசொலாம் வகைத் தூக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து ஏற்றியவர்களுக்கு அடுத்த நாள் டெலிரியம் வரும் வாய்ப்பு கூடியது. கையைக் கட்டி வைத்தவர்களுக்கும் கூடியது. குறைத்தது எது என்றால், குடும்பத்தார் வந்து பார்ப்பது. நேரில் வந்தாலும் சரி, வீடியோவில் வந்தாலும் சரி. ஆனால் அது கிடைத்தது மிகக் குறைவானவர்களுக்கு.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. தொற்று பரவக்கூடாது என்று குடும்பத்தை வெளியே நிறுத்தினோம். ஆள் போதாததால் தூக்க மருந்தை ஏற்றினோம், கையைக் கட்டினோம். மருந்துத் தட்டுப்பாட்டில் கிடைத்த மருந்தைப் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் அன்று காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்து மூளைக்கு எதிராகப் போனது. அடுத்த பெருந்தொற்றுக்குத் திட்டம் போடுபவர்கள் வென்டிலேட்டர் எண்ணிக்கையோடு இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்: பாதுகாப்பு உடை போட்டு, வீட்டு ஆள் ஒருவர் தினம் ஒரு மணி நேரமாவது உள்ளே வர வழி வேண்டும். அதை இரக்கத்துக்காகக் கேட்கவில்லை. சிகிச்சையாகக் கேட்கிறேன்.

வைரஸ் மூளைக்குள் போய்விட்டதா என்று உறவினர்கள் எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் விஷயத்தில், அப்படி இல்லை என்பதுதான் இன்றைய பதில். நியூயார்க் ஆய்வில் 18 பேரின் தண்டுவட நீரில் வைரஸைத் தேடினார்கள், ஒருவரிடமும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோவிட்டால் இறந்த 41 பேரின் மூளையை வெட்டிப் பார்த்தபோதும் வைரஸ் இல்லாமலோ மிகக் குறைவாகவோதான் இருந்தது. கண்டது வேறு: ஆக்சிஜன் பற்றாமல் செத்த செல்கள், சின்ன ரத்தக்குழாய்களில் ஏற்பட்ட சேதம், மைக்ரோகிளியா என்னும் காவல் செல்கள் கூட்டம் கூட்டமாக நியூரான்களைச் சூழ்ந்து தாக்கிய தடம். வாசனை போவதுகூட நரம்பு செல் நேரடியாகத் தாக்கப்பட்டதால் அல்ல, அதைத் தாங்கி நிற்கும் பக்கத்துச் செல்கள் பாதிக்கப்பட்டதால் என்று 2020-லேயே காட்டினார்கள். ஆக, வெளியே நுரையீரலிலும் ரத்தத்திலும் நடக்கும் சண்டையின் அடி உள்ளே மூளையில் விழுகிறது. உடம்பெங்கும் கொதிக்கும் அழற்சி, உறையத் துடிக்கும் ரத்தம், குறைந்த ஆக்சிஜன், வேலை குறைந்த சிறுநீரகம், போட்ட மருந்துகள் எல்லாம் சேர்ந்த அடி. நல்ல செய்தி என்னவென்றால், இவற்றில் பாதியைக் கவனித்துக் குறைக்க முடியும்.

ரத்தம் உறைவது பக்கவாதமாகவும் வந்தது. நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனைக் குழு 2020 வசந்தத்தில் இரண்டே வாரத்தில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஐந்து பேரை மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைப்போடு பார்த்தது. அதற்கு முந்தைய வருடம் அதே குழு இரண்டு வாரத்துக்குச் சராசரியாக ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. மொத்தக் கணக்கில் பக்கவாதம் அரிது, அட்மிட் ஆனவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குத்தான். ஆனால் வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு கிடப்பவருக்கு அது வந்தால் யாருக்குத் தெரியும்? வாய் கோணுவதை டியூப் மறைக்கும். கை அசையாததை மருந்து மறைக்கும். எங்கள் வார்டில் நாற்பதுகளில் இருந்த ஒருவருக்கு மயக்க மருந்தை நிறுத்தியபோது இடது கை மட்டும் எழுந்தது. வலது பக்கம் எப்போது போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அவருக்கு அது எப்போதோ கடந்திருந்தது. தினம் ஒரு தடவை மருந்தைக் குறைத்து, கை கால் இரண்டு பக்கமும் அசைகிறதா என்று பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான்.

நரம்பு, தசை விவகாரம் மூளையைவிடச் சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும். நீண்ட நாள் ஐசியுவில் கிடந்தவர்களுக்குத் தசையும் நரம்பும் இற்றுப்போய் ஸ்பூன் தூக்க முடியாத நிலை வரும். குப்புறப் படுக்கவைத்தது பல பேர் உயிரைக் காப்பாற்றியது. அதில் தோளும் முழங்கையும் நெடுநேரம் அழுந்திக் கை விழுந்தவர்களும் உண்டு. சிகாகோவில் மறுவாழ்வு சிகிச்சைக்கு வந்த 83 பேரில் 12 பேருக்கு அப்படி நரம்புக் காயம் இருந்தது. கை வைக்கும் விதத்தை மாற்றி மாற்றி வைத்தால், முட்டுக்கொடுத்தால், நிறையத் தவிர்க்கலாம். காய்ச்சல் வந்த ஒரு வாரம் பத்து நாளில் காலிலிருந்து மேலே ஏறும் பலவீனம், குய்லான் பாரே என்பது, வடக்கு இத்தாலியிலிருந்தும் தெரியவந்தது. அது அரிது. ஆனால் "சத்தில்லாம கால் தள்ளாடுது" என்று வீட்டில் வைத்துக்கொண்டால் மூச்சுவிடும் தசை வரைக்கும் போய்விடும்.

கருப்புப் பூஞ்சையையும் இங்கேதான் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் ஸ்டீராய்டு அதிகம் போனவர்களுக்கும் மூக்கில் ஆரம்பித்து, சைனஸ் வழியாகக் கண்ணுக்கு, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும். ஆம்ஃபோடெரிசின்-பி மருந்துக்காக ஊர் ஊராக அலைந்தவர்களை நான் மறக்கவில்லை. கண்ணை எடுத்தால்தான் உயிர் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களையும்.

இன்னொரு கையெழுத்து உண்டு. வென்டிலேட்டரை எடுத்த பிறகும் கண் திறக்காமல் கிடப்பவரை, "இனி நினைவு வராதுபோல, வீட்டுக்குக் கொண்டுபோயிடுறோம்" என்று குடும்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போவது. கடன், களைப்பு, நம்பிக்கை இழப்பு எல்லாம் சேர்ந்த முடிவு அது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 2022-இல் நியூயார்க், பாஸ்டன் மருத்துவமனைகளிலிருந்து வந்த ஆய்வைப் பார்த்தபோது மனசு கனத்தது. வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து நினைவு திரும்பிய கோவிட் நோயாளிகளில் நாலில் ஒருவருக்கு, கருவியை எடுத்த பிறகும் சொன்னதைச் செய்யும் அளவுக்குத் தெளிவு வர 10 நாளோ அதற்கு மேலோ ஆனது. பத்தில் ஒருவருக்கு 23 நாளோ அதற்கு மேலோ ஆனது. ஸ்கேனில் பெரிய சேதம் இல்லாமல், ஆள் மட்டும் எழாமல் இருந்தால், முடிவெடுக்க இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று சொல்ல இன்று ஆதாரம் இருக்கிறது. அன்று எங்களிடம் அது இல்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'குணமடைந்தார்' என்று எழுதிக் கொடுப்போம். ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐசியுவிலிருந்து வீடு திரும்பியவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கவனம் நிற்காமல், சொன்னதைச் செய்ய முடியாமல் இருந்தது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு எங்களுக்கு வந்த போன்களும் அதையேதான் சொன்னன. கடையில் பாக்கிச் சில்லறை கொடுக்கத் தெரியவில்லை. டிவி சீரியலில் நேற்று என்ன நடந்தது என்று நினைவில்லை. காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். வெள்ளை உடையைப் பார்த்தால் நடுங்குகிறார். ஒரு அம்மா, தன்னைக் கட்டிப்போட்டு யாரோ கழுத்தை நெரித்ததாக இன்றும் நம்புகிறார். தொண்டையில் டியூப் போட்ட நினைவு அது. 'இல்லம்மா, அது கனவு' என்றால் அவருக்குக் கோபம்தான் வரும். என்ன நடந்தது, ஏன் கையைக் கட்டினோம், டியூப் எதற்கு என்று பொறுமையாக விளக்கிச் சொன்னபோதுதான் அவருக்கு உறக்கம் வர ஆரம்பித்ததாக மகள் சொன்னார். சில நாடுகளில் நோயாளி மயக்கத்தில் இருக்கும் நாட்களுக்கு நர்ஸும் குடும்பமும் சேர்ந்து ஒரு நாட்குறிப்பு எழுதி, பிழைத்து வந்ததும் கையில் கொடுக்கிறார்கள். இங்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

கோவிட் வார்டுகளை மூடிவிட்டோம். ஆனால் நிமோனியா, டெங்கு, சிறுநீர்த் தொற்று, இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று வரும் பெரியவர்களுக்கு இதே தெளிவு தப்புதல் இன்றும் வருகிறது. உங்கள் வீட்டுப் பெரியவரை அட்மிட் செய்ய நேர்ந்தால், நேற்று வரை எப்படி இருந்தார் என்று சிஸ்டரிடம் சொல்லுங்கள். பேப்பர் படிப்பார், பால் கணக்கு தானே பார்ப்பார், அல்லது ஏற்கனவே மறதி உண்டு என்று எதுவானாலும். அதை வைத்துத்தான் நாங்கள் மாற்றத்தை எடைபோட முடியும். மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் பேர் எழுதிய டப்பாவில் கொண்டுவாருங்கள். தினமும் போடும் தூக்க மாத்திரையைச் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். திடீரென்று குடி நின்ற இரண்டு மூன்று நாளில் வரும் நடுக்கமும் பிரமையும் பார்க்க இதைப் போலவே இருக்கும், ஆனால் சிகிச்சை நேர் எதிர். மற்றவர்களுக்கு நாங்கள் குறைக்கப் பார்க்கும் அதே வகைத் தூக்க மருந்துதான் அவருக்கு உயிர் காக்கும் மருந்து. எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.